வீட்டிலிருந்து தெரியாத சிவப்பு மை

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். நேரில் வந்தால் சால்வை போடுவீர்கள், கைதட்டுவீர்கள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள், எனக்குத் தெரியப்போவதில்லை.

வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினி வலைப்பின்னலுக்குள் நுழைவது எப்படி என்று உங்களுக்கு ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்திருப்பார்கள். எந்தக் கடவுச்சொல், செல்போனுக்கு வரும் எண்ணை எங்கே போடுவது, மின்கையெழுத்துக்கான பென்டிரைவை எப்போது செருகுவது, எல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். நான் சொல்லப்போவது அதையெல்லாம் ஒழுங்காகச் செய்த ஒருத்தியைப் பற்றி. எந்தக் கோளாறும் இல்லாமல் உள்ளே போய், எந்தக் கோளாறும் இல்லாமல் கையெழுத்துப் போட்டு, ஒரு குடும்பத்தை அதன் நிலத்தைவிட்டு வெளியேற்றியவள். அவள் நான்தான்.

கடலோரத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் மண்டலத் துணை வட்டாட்சியராக இருந்தேன். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள், கடைமடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேரில் உள்ள நிலத்தை அப்படியே இன்னொருவர் பேருக்குப் பட்டா மாற்ற வேண்டுமென்றால் கடைசிக் கையெழுத்து என்னுடையது. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துப் பரிந்துரைப்பார், நான் உத்தரவு போடுவேன். சின்ன நாற்காலிதான். ஆனால் அந்த நாற்காலியில் போடும் ஒரு கையெழுத்தை அழிக்க ஒரு தலைமுறை கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பழைய அ-பதிவேட்டை எடுத்து வரச் சொல்வேன். கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி எழுதிய பெரிய காகிதப் புத்தகம் அது. எங்கள் தாலுகாவில் அதைக் கணினியில் ஏற்றியவர்கள் சர்வே எண்ணை ஏற்றினார்கள், பரப்பை ஏற்றினார்கள், பேரை ஏற்றினார்கள். கடைசிக் கட்டத்தில் இருந்த ஷராவை, அதாவது ஓரக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து நிலச் சண்டை முழுக்க அந்த ஷராவில்தான் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருந்த மிராசுதாரர்களிடமிருந்து உபரி நிலத்தை எடுத்து, அதே நிலத்தில் சேற்றில் நின்ற கூலி ஆட்களுக்கு அரசாங்கம் கொடுத்தது. எந்தக் கட்சி வந்தாலும் மேடையில் அதைத்தான் சொன்னார்கள். கொஞ்சம் கொடுக்கவும் செய்தார்கள், அதை மறைக்கக் கூடாது. கொடுத்ததை ஒரு குமாஸ்தா ஷராவில் சிவப்பு மையால், "உபரி நிலம், இன்னாருக்கு ஒப்படை" என்று எழுதி வைத்தார். பட்டாவில் பேர் மாற்றும் வேலை பல இடங்களில் பாதியில் நின்றது. ஆகவே மேலே கறுப்பு மையில் மிராசுதாரர் பேர், ஓரத்தில் சிவப்பு மையில் உழுகிறவர் பேர். கணினிக்குள் போனது கறுப்பு மட்டும்தான்.

இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு மனுவுக்கும் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். "மேடம் கம்ப்யூட்டர நம்ப மாட்டாங்க, கரையான் அரிச்ச புஸ்தகத்தத்தான் நம்புவாங்க" என்று பதிவறை எழுத்தர் என் காதுபடவே சொல்லுவார். நானும் சிரித்துக்கொள்வேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் இன்றைக்குக் கொஞ்சம் தூக்கமாவது வரும்.

கொரோனா வந்தது. அலுவலகத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, எங்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். சீர்காழியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நறுக்கிய வாழைத்தண்டும் மோருமாக, தாலுகா அலுவலகத்துக்குள் நுழைந்தேன். முதல் நாள் ஒரே மாயமாக இருந்தது. என் மேசையில் திறக்கிற அதே திரை, அதே கோப்புகள். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன வருஷம் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போன?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அலுவலகத்தின் கேட்டில் ஒரு மனுப்பெட்டி வைத்திருந்தோம். காகிதத்தில் கிருமி இருக்கும் என்று பயந்த காலம். பெட்டியில் விழும் மனுக்களை மூன்று நாள் தொடாமல் வைத்திருந்து, பிறகு ஒரு சாக்கில் கொட்டி வைப்பது என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். அந்தச் சாக்கிலிருந்து எடுத்து ஒவ்வொன்றையும் கணினியில் பதிய வேண்டியவர் பதிவறை எழுத்தர். அவர் தெருவையே தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அவருக்கு வீட்டில் இணைப்பும் கிடையாது. ஆகவே மனுக்கள் சாக்கிலேயே இருந்தன. கணினியில் ஆட்சேபணை என்ற கட்டத்தில் எதுவும் பதியாவிட்டால் அது தானாகவே "இல்லை" என்று காட்டும். சாக்கில் இருப்பது திரையில் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

வாரத்துக்கு ஒரு முறை நண்பகலில் வீடியோ கூட்டம் நடக்கும். யாரிடம் எத்தனை கோப்பு தேங்கியிருக்கிறது என்று ஒரு பட்டியலைத் திரையில் போடுவார்கள். நான் பழைய பதிவேட்டைப் பார்க்க முடியாத கோப்புகளையெல்லாம் நிறுத்தி வைத்திருந்ததால், என் பேர் பட்டியலின் அடியில் கிடந்தது. மேலதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு வீட்டு வேல ஜாஸ்தி போலிருக்கு" என்றார். அத்தனை பேர் முகமும் சின்னச் சின்னக் கட்டங்களில் சிரித்தது. சத்தம் வராத சிரிப்பு. முப்பத்துச் சொச்சம் வருஷம் வேலை பார்த்தவளை ஒரு வாழைத்தண்டாக்கி நறுக்கிப்போட்டார்.

அந்தக் கோபம்தான் என்னைக் கெடுத்தது. அடுத்த கூட்டத்தன்று காலையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குள் தேங்கியதையெல்லாம் காலி செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். ஒவ்வொன்றாகத் திறந்து, பரிந்துரை இருக்கிறதா, ஆட்சேபணை இல்லையா என்று மட்டும் பார்த்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் ஒரு மனு வந்தது. பழைய மிராசுதாரர் ஒருவரின் பேரன், சென்னையில் இருப்பவர், தாத்தா பேரில் உள்ள நிலத்தை வாரிசு முறையில் தன் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தார். வாரிசுச் சான்று சரியாக இருந்தது. நிலம் மனுதாரரின் கைவசம், அனுபவத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைத்திருந்தார். அவரும் அப்போது தன் சொந்த ஊரில், வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயலை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

அந்தத் தாத்தாவின் பேர் எனக்குப் பழக்கம். என் மண்டலத்தின் பதிவேடுகளில் அந்தப் பேர் வருகிற பக்கங்களில் பாதிக்கு ஓரத்தில் சிவப்பு மை உண்டு. கை ஒரு கணம் நின்றது. "நிலுவையில் வை" என்று ஒரு பொத்தானும் அங்கேயே இருந்தது. மணியைப் பார்த்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தேன். அன்றைய கூட்டத்தில் என் பேர் பட்டியலின் மேலே இருந்தது, அதே அதிகாரி "வெரி குட் மேடம்" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அலுவலகம் திறந்து சில வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பேர் அஞ்சலை. அளக்க வந்தவர்கள் தன் வயலில் கல் ஊன்றிவிட்டுப் போனார்கள் என்றாள். மிராசுதாரரின் பேரன் பட்டா வாங்கிய சூட்டோடு இறால் குட்டை போடுகிற ஒருவருக்கு நிலத்தை விற்றுவிட்டார். அஞ்சலை சொன்ன சர்வே எண், என் கை ஒரு கணம் நின்ற அதே கோப்பினுடையது.

"நான் மனு போட்டேன்மா," என்று ஒரு ஜெராக்ஸை நீட்டினாள். "தலையாரிதான் சொன்னாரு, ஒன் நெலத்துக்கு யாரோ பட்டா கேட்டிருக்காங்க, தாலுகாபீசுல போய் எழுதிக் குடுன்னு. பஸ்ஸு ஓடல, நடந்தே வந்தேன். போலீசு ரெண்டு எடத்துல நிறுத்துனாங்க. காயிதத்தக் காட்டுனேன், வுட்டுட்டாங்க. இங்க கேட்டுல இருந்த வாட்ச்மேன் அண்ணன் தேதி போட்டுக் குடுத்தாரு, பாருங்க."

தேதியைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டதற்குப் பல நாள் முந்திய தேதி.

"நிலம் யார் பேர்ல இருந்துச்சு?" என்றேன்.

"எங்கம்மா பேருக்கு கவருமெண்டு குடுத்ததும்மா. நாலு மா நெலம். கூலி கேட்டு நின்னதுக்கு எங்கப்பாவ அடிச்சுப் போட்ட அதே வயலு. அதையே எங்கம்மா பேருக்குக் குடுத்தாங்க."

"ஆர்டர் வச்சிருக்கீங்களா?"

"புயல்ல கூரையோட போயிடுச்சு. ஆனா இங்க பெரிய புஸ்தகத்துல இருக்குமாமே. அதப் பாத்துட்டுத்தான கையெழுத்துப் போடுவீங்க?"

பதிவறைக்குப் போய், நானே அந்தப் புத்தகத்தை இறக்கித் திறந்தேன். கறுப்பு மையில் மிராசுதாரர் பேர். ஓரத்தில் சிவப்பு மையில் ஒப்படை, அஞ்சலையின் அம்மா பேர், உத்தரவு எண், எல்லாம் இருந்தன. மூலையில் இருந்த சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். அவள் மனு அதில் இருந்தது, மடிப்புக் கலையாமல்.

போட்ட உத்தரவை நானே ரத்து செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனுவை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இதை எனக்கு நல்ல பேராகச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், அடுத்ததைக் கேளுங்கள்.

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து என்னிடம் அறிக்கை கேட்டு ஓலை வந்தது. அப்போது நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. உண்மையை எழுதினால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். அது முடியும்வரை ஓய்வு பெற விடமாட்டார்கள், அல்லது பாதி ஓய்வூதியத்தோடு அனுப்புவார்கள். ஆனால் அஞ்சலைக்கு வேண்டியது அந்த உண்மை மட்டும்தான். "மூலப் பதிவேட்டைப் பார்க்காமலும், உரிய காலத்தில் வந்த ஆட்சேபணையைப் பரிசீலிக்காமலும் உத்தரவிட்டேன்" என்று நான் ஒரு வரி எழுதி, சிவப்பு மைப் பக்கத்தின் நகலை வைத்தால் போதும். என் உத்தரவு அங்கேயே விழுந்துவிடும். நிலத்தில் அதுவரை மண்வெட்டி படவில்லை.

எங்கள் தாசில்தார் நல்ல மனிதர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "நெட்வொர்க்னு எழுதுங்க மேடம். வீட்லேர்ந்து கனெக்ட் பண்ணதுல ஆட்சேபணை ஸ்க்ரீன்ல தெரியலன்னு எழுதுங்க. பொய் இல்லயே? நெட்வொர்க்குக்கு யாரும் மெமோ குடுக்க முடியாது" என்றார்.

"அந்தப் பொம்பளைக்கு?"

"அவங்க சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும். எட்டு மாசம் மேடம். யோசிங்க."

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது கூடப் பெருமைக்குச் சொல்வது. பயந்தேன். மூன்றாம் நாள், தொலைநிலை இணைப்பின் வழியே பரிசீலித்தபோது கணினிப் பதிவில் ஆட்சேபணை ஏதும் காணப்படவில்லை என்று எழுதினேன். கணினிப் பதிவின் நகலை வைத்தேன். அவர்கள் கேட்டது அதுதான். கேட்காத சிவப்பு மைப் பக்கத்தை வைக்கவில்லை. வாட்ச்மேன் தேதி போட்ட மனுவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த அறிக்கையில் எந்த வரியும் பொய் இல்லை. அவ்வளவு சுத்தமாக நான் என் வாழ்நாளில் எதையும் எழுதியதில்லை.

நான் எத்தனை மணிக்கு வலைப்பின்னலுக்குள் வந்தேன், எந்தக் கோப்பை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தேன் என்பதெல்லாம் எங்கோ பதிவாகியிருக்கும். அதை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அந்த மாதங்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மா நிலம் என் திரையில் ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது. யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பதிவாவது வேறு, ஒருவர் பார்ப்பது வேறு.

மேல்முறையீடு தள்ளுபடியானது. அஞ்சலை வைத்த ஜெராக்ஸில் வாட்ச்மேன் போட்ட தேதி இருந்ததே தவிர அலுவலக முத்திரை இல்லை, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பரிசீலனையின்போது ஆட்சேபணை இல்லாததால் உத்தரவு செல்லும், உரிமை கோருபவர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்று வந்தது. அஞ்சலை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள், படித்துச் சொல்லச் சொல்லி. என் அறிக்கையை நம்பித் தள்ளியிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. படித்துச் சொன்னேன். "உங்களாலயே முடியலன்னா வேற யாராலம்மா முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே பொக்லைன் இறங்கியது. வரப்பை வழித்து, குட்டை வெட்டி, உப்பனாற்றிலிருந்து தண்ணீரை ஏற்றினார்கள். உப்பு ஏறிய வயலில் நெல் எப்போது வரும் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு ஓய்வூதியம் எல்லாம் முழுசாக வந்தது. பிரிவு உபசார விழாவில், "மூலப் பதிவேட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்" என்று என்னைப் பாராட்டினார்கள். திருக்கடையூரில் என் கணவருக்கு எழுபதாம் வயதுச் சாந்தி செய்தோம். சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து காலில் விழுந்தார்கள். ஒருத்தி, உங்களை மாதிரி நேர்மையாக உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று ஆசீர்வாதம் கேட்டாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும், அறிக்கையில் எழுதாமல் விட்ட அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். எதைப் பார்க்கவில்லை, எதை மறைத்தேன், எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் சிவப்பு மை இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வக்கீலிடம் காட்டினேன். இதை வைத்து வழக்குப் போடலாம், நிற்கும் என்றார். எனக்கு வருவது வரட்டும் என்று பஸ் ஏறினேன்.

அஞ்சலை வீட்டில் இல்லை, குட்டையில் இருக்கிறாள் என்றார்கள். அவள் வயலாக இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது, நடுவில் சக்கரங்கள் சுழன்று நுரை தள்ளின. கரையில் நின்று வாளியிலிருந்து இறாலுக்குத் தீனி வீசிக்கொண்டிருந்தாள். கூலிக்கு. அவள் மகன் அங்கேயே மோட்டார் பார்த்துக்கொண்டு காவலுக்கு இருந்தான். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன், அறிக்கையில் எழுதியது, எழுதாதது, பயந்தது.

"அந்தப் புஸ்தகத்துல எங்கம்மா பேரு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு. இன்னும் இருக்கு."

"நான் வந்து நின்ன அன்னிக்கே பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

நான் காகிதத்தை நீட்டினேன். வக்கீல் சொன்னதையும் சொன்னேன். அவள் கையை நீட்டவில்லை.

"இத வச்சு நான் என்ன பண்றதும்மா? கேசு போட்டா மொதல்ல என் மவன வேலய வுட்டு நிப்பாட்டுவாங்க. அப்புறம் என்னைய. செயிச்சாத்தான் என்ன, இந்த உப்புல என்னத்த நடுறது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்களே வச்சிக்கங்க" என்று வாளியை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தாள். மகன் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நீங்கள் வீட்டிலிருந்து உள்ளே நுழையுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். பார்க்க முடியாததைப் பார்க்க முடியவில்லை என்று அன்றைக்கே எழுதுங்கள், நிலுவையில் வையுங்கள், பட்டியலின் அடியில் கிடந்துவிட்டுப் போங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். தப்பு செய்துவிட்டால் அதையும் அந்த வாரமே எழுதுங்கள். என் காகிதம் பீரோவில் இருக்கிறது. பதிவேடு, பக்கம், தேதி, கையெழுத்து, ஒன்றிலும் குறையில்லை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.